முகத்தைப் பார்க்காதே, காலைப் பார்

சாந்தா எலேனா
6 மே 1999, வியாழன்

லிசார்தோ,

நீ உயிரோடு இருக்கிறாயா? முதலில் அதைச் சொல். மற்றதெல்லாம் பிறகு.

இரண்டு வருடமாக ஒரு வரி எழுதாத அக்கா இன்றைக்குப் பேனாவை எடுத்திருக்கிறாளே, என்ன கேடு வந்தது என்று நினைப்பாய். கேடு ஒன்றும் இல்லை. நேற்று முன்தினம் நான் உன்னைப் பார்த்தேன். அதாவது, உன் முகத்தைப் போட்டுக்கொண்டு வந்த ஒன்றைப் பார்த்தேன். இன்னும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பயம் பாதி, குஷி பாதி. ஊரில் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. உன்னிடம் சொல்லாமல் இருப்புக் கொள்ளவில்லை.

போன வாரம் செவ்வாய்க்கிழமை மூன்று பேர் நம் துறையில் இறங்கினார்கள். பெரிய விடுதிக்குப் போக வேண்டியவர்கள், அவசரத்தில் ஒரு துறை முன்னாலேயே இறங்கிவிட்டார்கள். திரும்பிப் பார்ப்பதற்குள் லாஞ்ச் வளைவு தாண்டிப் போய்விட்டது. டென்மார்க்கிலிருந்து வந்த பிர்கித் அம்மாள், நாற்பது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கணவர் ஸ்வெண்ட், ஒட்டடைக் கம்பு உயரம். பேச்சை மாற்றிச் சொல்ல லீமாவிலிருந்து அவர்கள் கூட்டிவந்த கல்லூரிப் பெண் மிர்த்தா. நீ போன பிறகு நம் விருந்தினர் அறை மூன்றிலும் வௌவால்தான் குடியிருந்தது. அதை விரட்டி, கொசுவலைக் கிழிசலைத் தைத்து, வெள்ளிக்கிழமை லாஞ்ச் வரும்வரை இருங்கள் என்றேன். வெள்ளிக்கிழமை லாஞ்ச் வந்தது. மூன்று பேரும் ஏற மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள்!

நீ இருந்திருந்தால் சிரித்தே செத்திருப்பாய். முதல் நாள் மிர்த்தா சிலந்திக்குப் பயந்து தலையணையைக் கட்டிக்கொண்டு மேஜை மேல் உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் நாள் பனைப்புழுவைக் குச்சியில் குத்திச் சுட்டுக்கொடுத்தால், "இன்னும் ரெண்டு இருக்கா அக்கா?" என்கிறாள். வெள்ளம் ஏறிய காட்டுக்குள் மரத்தலைகளுக்கு நடுவே தோணி விட்டேன். ஸ்வெண்ட் தலை ஒரு கிளையில் இடித்து, எறும்பெல்லாம் அவர் கழுத்துக்குள் கொட்டிவிட்டது. மனுஷர் சட்டையோடு தண்ணீரில் குதித்துவிட்டார். குதித்த இடத்தில் ரோஜா நிற டால்பின்கள் நாலு. அவரைச் சுற்றிச் சுற்றி வந்து மூச்சு விடுகின்றன. அவர் ஏற மறுத்துவிட்டார். ஒரு மணி நேரம், பல்லெல்லாம் தெரிய, சின்னப் பிள்ளை மாதிரி தண்ணீரிலேயே கிடந்தார்.

மசாட்டோ கதை இன்னும் மேல். பிர்கித் ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்துவிட்டு, இந்தக் கள்ளை எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டார். மரவள்ளியைப் பெண்கள் மென்று துப்பி ஊறவைப்பது என்று மிர்த்தா தயங்கித் தயங்கி மாற்றிச் சொன்னாள். ஊரே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மாள் உதட்டைத் துடைத்துக்கொண்டார். பிறகு கிண்ணத்தை மறுபடி நீட்டினார். கைதட்டல் அக்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய் மதியம் மழை விட்ட கையோடு மேட்டுப் பாதையில் அந்தப் பெரிய லுப்புனா மரத்தைக் காட்டக் கூட்டிப்போனேன். ஆள் உயர வேர்களுக்கு நடுவில் நின்று மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். வழக்கம்போல் அங்கே நின்றபடி சுயாசாக்கியைப் பற்றிச் சொன்னேன். காட்டில் தனியாக யார் கூப்பிட்டாலும் முகத்தைப் பார்க்காதே, காலைப் பார். வேண்டியவர் முகத்தில் வந்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும், ஆனால் காலை மட்டும் அதற்கு மாற்றத் தெரியாது, ஒன்று மனுஷக் கால், இன்னொன்று கோணல் என்று. சொல்லி வாயை மூடவில்லை, வேருக்குப் பின்னாலிருந்து "அக்கா" என்று ஒரு குரல்.

உன் குரல். உன் முகம். மோவாயில் உன் தழும்புகூட. நான் காலைப் பார்த்தேன். இடது கால் ரப்பர் பூட்ஸில் ஒழுங்காக இருக்கிறது. வலது கால் பூசணிக்காயாக வீங்கி, இலையும் கொடியும் சேறுமாக ஒரு உருண்டை.

"அக்கா, ஓடாத. நான் தப்புப் பண்ணிட்டேன்" என்றது.

அங்கேதான் அது மாட்டிக்கொண்டது. "எங்க லிசார்தோ பொறந்ததுலேருந்து அந்த வார்த்தைய சொன்னதில்ல. நீ என் தம்பியே இல்ல, போ அந்தாண்ட" என்று சுருட்டுப் புகையை அதன் மூஞ்சியில் ஊதினேன். தெரிந்த வசவையெல்லாம் இறைத்தேன். உனக்கென்று இரண்டு வருடமாகச் சேர்த்துவைத்திருந்ததையும் சேர்த்துக் கொட்டிவிட்டேன். பிறகு மூன்று பேரையும் தள்ளிக்கொண்டு தோணிக்கு ஓடினோம். மிர்த்தாதான் முதலில் போய் ஏறினாள். ஸ்வெண்ட் தன் நோட்டில் அறுபத்தோரு பறவைகளை எழுதிவைத்திருந்தார். அறுபத்திரண்டாவது வரியில் 'சுயாசாக்கி, ஒன்று' என்று எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் இன்னொன்று ஞாபகம் வந்தது. யாருக்கு ஆபத்தோ அவர் முகத்தில்தான் அது வரும் என்றும் சிலர் சொல்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். மற்றபடி நான் மாறிவிடவில்லை. மரத்தில் தொங்கித் தூங்குகிற அந்தப் பாவப்பட்ட பெலேஹோப் பிராணியை முற்றத்தில் கட்டிப்போட்டு, வந்தவர்களெல்லாம் வரிசையாகத் தூக்கிப் படமெடுக்க விட்டாயே, அது தப்புதான். அத்தனை பேர் முன்னாலும் நான் கயிற்றை அறுத்து அதை மரத்தில் ஏற்றிவிட்டது சரிதான். ஆனால் நீ உயிரோடு இரு.

நாளை லாஞ்சில் மூன்று பேரும் போகிறார்கள். கேப்டன் அக்கிலினோ கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஓர்ஃபெலிந்தா


இக்கித்தோஸ்
17 மே 1999

அக்கா,

உயிரோடு இருக்கிறேன். கடிதம் கைக்கு வந்தது. அதை எங்கே, எந்தக் கோலத்தில் உட்கார்ந்து படித்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டாய். அதனால் சொல்லப்போவதில்லை.

உன் சுயாசாக்கி இங்கே துறைமுகம் முழுக்கப் பிரபலம். அந்த டென்மார்க் அம்மாள் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து மீன் ஆறிப்போவதுகூடத் தெரியாமல் கதை சொன்னார். நீ புகை ஊதியதை எழுந்து நின்று நடித்துக் காட்டினார். பக்கத்து மேஜைக்காரர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். பெரிய விடுதிக்குப் பதிவு செய்திருந்தவர்கள்கூட, பேய் வருகிற வீடு எந்தத் துறையில் இருக்கிறது என்று என் மூன்று சக்கர வண்டியை நிறுத்திக் கேட்கிறார்கள். ஐந்து பேரை அடுத்த திங்கள்கிழமை லாஞ்சில் ஏற்றுகிறேன். உனக்காக ஒன்றும் இல்லை. கேட்டவர்களுக்கு வழி சொன்னேன், அவ்வளவுதான்.

ஒன்று கேட்கிறேன். நீங்கள் ஓடிய பிறகு அது என்ன செய்திருக்கும் என்று யாராவது யோசித்தீர்களா? மிர்த்தா ஒரு செருப்பை விட்டுவிட்டு ஓடினாளே, அதை யார் எடுத்து வேர் மேல் வைத்திருப்பார்கள் என்றாவது? அதன் கையில் சாக்கு மூட்டை ஏதாவது இருந்ததா? இருந்தால் மழையில் நனையவிடாதே. சுயாசாக்கியின் சாமான் நனைந்தால் ஊருக்கு ஆகாது என்று கேள்வி.

பெலேஹோவைக் கட்டியது தப்பு என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். அது கயிற்றில் இழுபடும்போதே எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்கு வலித்தது அதுவல்ல. கயிறு அறுந்து நான் வெட்கப்பட்டு நிற்கும்போது, இந்த ஆள் யார் என்று ஒரு விருந்தாளி கேட்டார். நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "இவன் என் தம்பி இல்ல. தோணி தள்ற ஆளு." அந்த வீட்டின் ஒவ்வொரு தூணையும் நானும் சேர்ந்து நட்டவன், அக்கா.

மனாவ்ஸ் போகும் சரக்குக் கப்பலில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஜூன் 20, ஞாயிறு கிளம்புகிறது. திரும்பி வருகிற எண்ணம் இல்லை. தம்பி இல்லாதவனுக்கு எந்த ஆறாக இருந்தால் என்ன.

ஐந்து பேரில் ஒருவர் கொலம்பியாக்காரர், மிளகாய் என்றால் உயிர். நிறைய வை.

லிசார்தோ


சாந்தா எலேனா
27 மே 1999, வியாழன் காலை

லிசார்தோ,

ஐந்து பேரும் வந்தார்கள்! துறையில் இறங்கும்போதே ஒவ்வொருவரும் என் காலைப் பார்க்கிறார்கள். ஊர்க்காரர்களுக்கு ஒரே சிரிப்பு. இப்போது ஒருவரைப் பார்த்தால் வணக்கம் சொல்வதற்குப் பதில் காலைத் தூக்கிக் காட்டுகிறார்கள்.

கொலம்பியாக்காரர் பிரானா மீன் பிடிக்கத் தூண்டிலில் இறைச்சியை மாட்டி உள்ளே விடுவதற்குள் வெறும் கொக்கி திரும்பி வருகிறது. பதினோரு தடவை. பன்னிரண்டாவது தடவை மீனே வந்து, தோணிக்குள் துள்ளி, அவர் தொப்பியின் விளிம்பைக் கடித்துக் கிழித்துவிட்டது. அந்தத் தொப்பியை வீட்டில் கண்ணாடிப் பெட்டியில் வைப்பாராம். நேற்றுப் பெய்த மழையில் ஐந்து பேரும் துறையில் சோப்புப் போட்டுக் குளித்தார்கள். எனக்கு நாள் பூராவும் கால் தரையில் பாவவில்லை. நீ ஏற்றிவிட்டாய் என்பதற்காக நன்றி என்று எழுதினால் உனக்குத் தலைக்கனம் வந்துவிடும், ஆகவே எழுதவில்லை.

பேயின் சாமான் நனையக் கூடாது என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. எந்தச் சந்தைக் கடையில் கற்றுக்கொண்டாய்? இருந்தாலும் இன்றைக்கு இவர்களை லுப்புனாவுக்குக் கூட்டிப்போகிறேன், பார்த்துவிட்டு வருகிறேன். மிர்த்தா செருப்பை விட்டதாக என்னிடம் சொல்லவில்லையே, உனக்கு யார் சொன்னது? அப்புறம் அந்த மனாவ்ஸ் பேச்சு. அதற்குப் பதிலை வந்து எழுதுகிறேன்.

அன்றே, மாலை

செருப்பு வேர் மேல் இருந்தது. துடைத்து, நேராக வைத்திருந்தது.

இரண்டு வேருக்கு நடுவில், மழை படாத இடத்தில், அரிசிச் சாக்கில் சுற்றி ஒரு பலகை. கொலம்பியாக்காரர்தான் பிரித்தார். நடுவில் ஒரு பெலேஹோ, இரண்டு கையும் விரித்துக் கிளையில் தொங்கிச் சிரிக்கிறது. பச்சை, மஞ்சள், நம் தோணிக்கு நீ அடிக்கிற அதே சிவப்பு. மேலே 'ஓர்ஃபெலிந்தா - லிசார்தோ வீடு'. கீழே 'இங்கே யாரையும் கட்டிவைப்பதில்லை'.

பேய் நன்றாகப் படம் வரைகிறதே என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். நான் வேர் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

டேய். நீயாடா அது?

அந்தக் காலுக்கு என்னடா ஆச்சு? அந்தக் காலை வைத்துக்கொண்டு இந்தப் பலகையையும் சுமந்து அவ்வளவு தூரம் நடந்தாயா? நான் உன் மூஞ்சியில் புகை ஊதினேனே. தம்பி முகம் தெரியாத அளவுக்கு எனக்குக் கண் அவிந்துபோய்விட்டதே. நீ அந்த வார்த்தையைச் சொன்னாய். நான் அதை வைத்தே உன்னைப் பேய் என்றேன்.

கோபமும் வருகிறது. பத்து நாளாக எல்லாம் தெரிந்துகொண்டே எனக்குச் சாக்கு மூட்டைக் கதை எழுதினாயே. வா, நேரில் சண்டை போடலாம். மனாவ்ஸ் வேண்டாம். நாளை காலை லாஞ்சுக்கு இதைக் கொடுக்கிறேன். கேப்டன் அக்கிலினோ அன்றைக்குக் கடிதத்தை வாங்கும்போது ஏன் அப்படி இளித்தார் என்று நாளை அவரையும் ஒரு பிடி பிடிக்கிறேன்.

ஓர்ஃபி


இக்கித்தோஸ்
7 ஜூன் 1999

அக்கா,

கேப்டன் மேல் பாயாதே. சொல்லக் கூடாது என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். உன் முதல் கடிதம் கைமாறிய இடத்திலிருந்து பத்தடி தூரத்தில் நான் இருந்தேன். லாஞ்சில் வாழைத்தார்களுக்குப் பின்னால், காலை ஒரு கோழிக்கூண்டு மேல் தூக்கி வைத்துக்கொண்டு.

நடந்ததைச் சொல்கிறேன். ஊர் பார்க்க வாலைச் சுருட்டிக்கொண்டு துறையில் இறங்க எனக்கு மனசில்லை. ஓடை வாயிலேயே இறங்கி மேட்டுப் பாதையில் வந்தேன். பாதி வழியில் பூட்ஸுக்குள் ஒரு இசுலா எறும்பு. ஒரு கடி. அந்த வலி எப்படி என்று உனக்கே தெரியும். பூட்ஸைக் கழற்றினேன், திரும்பப் போட முடியவில்லை. இலையைச் சுற்றிக் கொடியால் கட்டிக்கொண்டு நொண்டி நொண்டி லுப்புனா வரை வந்துவிட்டேன். உன் குரல் கேட்டது. நீ சுயாசாக்கி கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாய். என் காலை நான் குனிந்து பார்த்தேன். கதை முடியட்டும் என்று காத்திருந்தேன் பார், அதுதான் நான் செய்த முட்டாள்தனம். உன் இடத்தில் நான் இருந்திருந்தாலும் ஓடியிருப்பேன்.

பிறகு மூன்று நாள் ஓடை வாயில் ஒரு மீன்பிடிக் குடிசையில் கிடந்தேன். வெள்ளிக்கிழமை லாஞ்சில் ஏறினால், அதே மூன்று பேரும் ஏறுகிறார்கள். பிர்கித் அம்மாள் கழிப்பறையைத் தேடி வாழைத்தார்ப் பக்கம் வந்தார். முதலில் என் காலைப் பார்த்தார், நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே. போட்ட கூச்சலில் கேப்டன் எஞ்சினை நிறுத்திவிட்டார்.

அப்புறம் குனிந்து, ஒரு விரலால் அழுத்திப் பார்த்து, மிர்த்தாவிடம் ஏதோ சொன்னார். "பேய்க்கு எறும்பு கடிச்சிருக்கு, வென்னி வேணுமாம்" என்றாள் மிர்த்தா. நாற்பது வருட நர்ஸ் அல்லவா, அரை மணியில் கழுவி, மருந்து போட்டுக் கட்டிவிட்டார். ஸ்வெண்ட் நோட்டை எடுத்து அறுபத்திரண்டாவது வரியை அடித்துவிட்டு, 'தம்பி, ஒன்று' என்று திருத்தினார். எல்லாம் சொன்னேன் அவர்களிடம். அம்மாள் சிரித்துக்கொண்டே அழுதார். துறைமுகத்தில் கதை சொன்னபோது என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை. உண்மையை அக்காவுக்கு எழுது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போனார்.

எழுதாமல் சாக்கு மூட்டைக் கதை விட்டதற்குக் காரணம் இருக்கிறது. கால் ஆறிவிட்டது. நீ ஓடியதை நினைத்தால் எனக்கே இப்போது சிரிப்பு வருகிறது. ஆனால் ஒன்று ஆறவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் என் முகத்தைப் பார்த்தே, நான்தான் என்று தெரிந்தே சொன்னாயே, தம்பி இல்லை என்று. அன்றைக்கு என் இரண்டு காலும் ஒழுங்காகத்தான் இருந்தன.

சண்டை போட வா என்கிறாய். நான் சொல்ல வேண்டியதை ஒற்றைக் காலில் நின்று சொல்லிவிட்டேன். இனி உன் முறை. எட்டுப் பேர் சான் ஹுவான் விழாவுக்கு நம் ஊருக்கு வர வேண்டும் என்று என்னைப் பிய்த்துத் தின்கிறார்கள். 21ஆம் தேதி லாஞ்ச். என் கப்பல் அதற்கு முதல் நாள். கூட்டிவருவது நானா, வேறு ஆளா என்று நீதான் சொல்ல வேண்டும்.

லிசார்தோ


சாந்தா எலேனா
17 ஜூன் 1999, வியாழன்

தம்பி,

இது சனிக்கிழமை உன் கையில் இருக்கும். கப்பல் ஞாயிற்றுக்கிழமை. கேப்டன் அக்கிலினோ தானே உன் அறைக்கு வந்து கொடுப்பதாகச் சத்தியம் செய்திருக்கிறார். நீ அறையில் இல்லாவிட்டால் கப்பல் நிற்கும் இடத்துக்கே போகச் சொல்லியிருக்கிறேன்.

பலகையைத் துறையில் மாட்டிவிட்டேன். ஆறு எதுவரை ஏறும் என்று நத்தைக்குத் தெரியும், வெள்ளத்தில் போய்விடாமல் அது முட்டை வைத்திருக்கும் உயரத்துக்கும் மேலே ஆணி அடித்தேன். ஆற்றில் போகிற தோணியெல்லாம் வேகத்தைக் குறைத்துப் படித்துவிட்டுப் போகிறது. நாலாவது அறைக்குக் கூரை வேய்ந்தாகிவிட்டது. விழாவுக்கு ஹுவானேச் சோற்றுப் பொட்டலம் கட்ட வாழையிலை மாதிரி அகலமாக இருநூறு இலை வாட்டி அடுக்கியிருக்கிறேன். அரிசி, கோழி, ஆலிவ் எல்லாம் தயார். எட்டுப் பேருக்குத் தலைக்கு இரண்டு. உனக்கு நாலு, எப்போதும்போல். ஊரில் யாருக்கும் தூக்கம் இல்லை. எட்டு விருந்தாளி ஒரே நேரத்தில் இந்தத் துறையில் இறங்கியதே கிடையாது. அவர்கள் முன்னால் காட்டத் தாங்களும் காலைக் கோணலாக்கிக்கொண்டு நடந்து பழகுகிறார்கள் சில தடியன்கள். எனக்கும் பரபரப்பில் சோறு இறங்கவில்லை. எட்டுப் பேருக்காக மட்டும் இல்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். அன்றைக்கு அந்த விருந்தாளி கேட்டபோது எனக்கு உன் மேல் வெட்கமாக இருந்தது. வெட்கத்தில் உன்னை விற்றுவிட்டேன். பெலேஹோவின் கயிற்றை அறுத்த அதே கத்தியால் உன்னையும் அறுத்துவிட்டேன். நீ தோணி ஏறிப் போகும்போது கூப்பிட்டிருக்கலாம். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் கழுவினேன். இரண்டு வருடமாகப் பெலேஹோ, பெலேஹோ என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது இதைச் சொல்லாமல் இருக்கத்தான்.

செவ்வாய்க்கிழமை துறையில் எட்டுப் பேரும் இறங்கி, இந்த ஆள் யார் என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டாலும் நான் சொல்வேன். உன் காலைப் பார்க்க மாட்டேன். எறும்பு கடித்திருந்தாலும், கட்டுப் போட்டிருந்தாலும், குளம்பே முளைத்திருந்தாலும் பார்க்க மாட்டேன்.

உன் முறை என்று எழுதியிருந்தாய். நேற்று லுப்புனா மரத்தடிக்குத் தனியாகப் போனேன். நீ நின்ற அதே இடத்தில் நின்று, "நான் தப்புப் பண்ணிட்டேன்" என்று சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை இருமல் வந்தது. இரண்டாவது தடவை கோபம் வந்தது. மூன்றாவது தடவை அழுகை. நாலாவது தடவைதான் வார்த்தை முழுதாக வந்தது. எனக்கு இரண்டு காலும் நன்றாக இருந்தும் இந்தப் பாடு.

அந்தக் காலை வைத்துக்கொண்டு நீ எப்படியடா முதல் தடவையிலேயே சொன்னாய்?

அக்கா